இருபதாம் தேதி, இம்ப்.

ஆகஸ்ட் 10, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. ஆபீஸ் இன்று வீட்டிலிருந்து.

எட்டரைக்குக் கீழ் வீட்டு தனசேகர் அண்ணன். ஹவுஸ் ஓனர். இரும்புலியூரில் அவர் அப்பா நெல் போட்ட இடத்தில் இவர் எட்டு போர்ஷன் போட்டிருக்கிறார். கையில் பல் குச்சி, தோளில் துண்டு.

"சார், ஆவணில நல்ல நாளு எப்போ கீதுன்னு உன் காலண்டர்ல பாரு சார். போர் போடணும். என் காலண்டர்ல நெக்லஸ் போட்ட பொண்ணுதான் பெருசா கீது, கீழ எழுத்தே தெரில."

எங்கள் காலண்டர் தினசரி கிழிக்கிற வகை. தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். 17, 18, 19. இருபதாம் தேதி, வியாழன். தேதி எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். பக்கத்தில் இம்பார்ட்டன்ட் என்பதன் சுருக்கமாக ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, ஒரு புள்ளி. இம்ப்.

கலையின் கையெழுத்து. டீச்சர் கையெழுத்து, சந்தேகமே இல்லை.

கலை என் மனைவி. போய் இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தவள். மூளையில் ரத்தக் குழாய். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் ஏதோ ஒரு தேதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல நாளா என்று பார்க்கவில்லை. போரில் தண்ணீர் வராவிட்டால் நான்தான் காரணம்.

பிறகு டிசம்பர் 31 வரை ஒவ்வொரு தாளையும் பார்த்தேன். ஆபீஸில் சாஃப்ட்வேரில் பிழை தேடுகிற டெஸ்டர் வேலை; அந்தப் புத்தி. வேறு எதிலும் எதுவும் இல்லை. இருபது மட்டும்.

அன்று நான் ஏதோ செய்ய வேண்டும். என்ன என்று தெரியாது. கேட்க ஆள் இல்லை. அவள் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போன கடைசி வேலை இதுதான். இதையும் கோட்டை விடக் கூடாது.

பத்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வெயில். பால் திரிந்தது.

முதலில் அவள் அந்த வார்த்தையை எதற்கெல்லாம் போடுவாள் என்று தெரிய வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். கிடைத்தவை:

ஃப்ரிட்ஜ் கதவு: இம்ப். மாவு பொங்கும், மூடியை இறுக்காதே.
என் டிபன் பாக்ஸ் மூடி, உள்பக்கம்: வி. இம்ப். ஸ்பூன் திரும்பி வரணும்.
பழைய ஊறுகாய் பாட்டில்: இம்ப். (உள்ளே நாலு சட்டைப் பட்டன், மின்விசிறி ஸ்குரூ ஒன்று, ஏலக்காய் ஒன்று.)
பாத்ரூம் ஹீட்டர் சுவிட்ச்: வி. வி. இம்ப். OFF.

எழுதாதவை: இன்ஷூரன்ஸ் பத்திரம், ரேஷன் கார்டு, எங்கள் கல்யாண சர்டிஃபிகேட், அவள் டிகிரி சர்டிஃபிகேட். எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சும்மா கிடக்கின்றன. ஒரு எழுத்து கிடையாது.

பேச்சில் வேறு கணக்கு. ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும். "ஒரு இம்பார்ட்டன்ட் விஷயம்." வெளியே ஓடி வந்து எடுத்தால், மாடியில் துணி காயுது, வண்டலூர் பக்கம் இருட்டுது, நீ எப்ப கிளம்புற.

தமிழில் சொன்னால் அர்த்தம் தலைகீழ். நான் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தால், "ஆமா, இப்ப இது ரொம்ப முக்கியம்." எங்கள் வீட்டில் முக்கியம் என்று சொல்லப்பட்ட எதுவும் முக்கியமானது இல்லை. முக்கியமானது எதுவோ அது இம்பார்ட்டன்ட்.

ஸ்கூல் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் இம்பார்ட்டன்ட் கொஸ்டீன் சொல்லுங்க மிஸ் என்று கேட்டால், அட்டையிலிருந்து அட்டை வரை என்பாளாம்.

முடிவு: இந்தத் தகவல்களை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

தயிர் சாதம். ஸ்பூன் ஆபீஸில் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, புதன்

ட்ரெயினில் நின்றுகொண்டே இரண்டு போன்.

ஒன்று, அத்தைக்கு. கலையின் அம்மா, கூடுவாஞ்சேரி. இருபதாம் தேதி என்றதும் யோசிக்கவே இல்லை. "என் கண்ணுதான் மாப்ள. ஆவணி பொறந்ததும் கூட்டிட்டுப் போறேம்மான்னு சொல்லிட்டே இருந்தா. வேற என்ன இருக்கப் போவுது?" சொன்னது உண்மை மாதிரியும் இருந்தது. அத்தைக்கு நாலு மாதமாகச் சீரியலில் எல்லோருக்கும் ஒரே முகமாகத் தெரிகிறதாம். கதை புரியவே மாட்டேன் என்கிறதாம்.

இரண்டு, ரெஜினா மிஸ்ஸுக்கு. ஸ்டாஃப் ரூமில் கலைக்குப் பக்கத்து நாற்காலி. தேதியை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "உங்க பல்லா இருக்கும் அண்ணா" என்றார். ஏப்ரலில் ரூட் கேனல் ஒரு தடவை போய்விட்டு, தற்காலிகமாக அடைத்த பல்லோடு திரும்பி வந்தவன், மறுபடி போகவே இல்லை. அது ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியுமாம். ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கூட.

என் பல்லைப் பற்றி இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 13, வியாழன்

தூறல். ஆபீஸ்.

எங்கள் கிளையன்ட் எல்லா மெயிலுக்கும் சிவப்பு ஆச்சரியக்குறி போட்டுத்தான் அனுப்புவார். அதனால் அவர் மெயிலை யாரும் திறப்பதில்லை. குறி போடாமல் ஒன்று வந்தால் டீமே பயந்துபோய்ப் படிக்கும்.

இருபதாம் தேதிக்கு லீவு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில்: இம்பார்ட்டன்ட் ஒர்க். மேனேஜர் கூப்பிட்டார்.

"என்ன ஒர்க்?"

"தெரியலை சார்."

அவர் என்னைப் பார்த்தார். ஜூனுக்குப் பிறகு எல்லோரும் பார்க்கிற அதே பார்வை, தலையை ஒரு பக்கம் சாய்த்து. "ரெண்டு நாளா எடுத்துக்கோங்க" என்றார்.

ஆகஸ்ட் 15, சனி

கொடி ஏற்றினார்கள். தெரு முனையில் ஆரஞ்சு மிட்டாய். இரண்டு கொடுத்தார்கள். பழக்கம் போல. ஒன்றைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்து, வந்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தேன்.

தனசேகர் அண்ணனிடம் காலண்டர் விஷயத்தைச் சொன்னது தப்பு. அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "டேங்க்கு சார். மாடி டேங்க்கை கழுவணும், பாசி புட்சிகினு கீதுன்னு உன் வூட்டம்மா என்னாண்ட எத்தினி வாட்டி சொல்லிச்சி. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு பேஜார் பண்ணிகினு இருந்தேன். அத்தான் டேட்டு போட்டு வச்சிருச்சி. எனக்குத்தான் சார் அது."

கலை போட்ட வட்டத்தைத் தனக்கு வந்த நோட்டீஸ் மாதிரி எடுத்துக்கொண்டார். முகத்தில் நிஜமான குற்ற உணர்ச்சி.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்தது. இஸ்திரி போடுகிற அக்கா, கேஸ் டியூப் மாற்றுகிற நாள் என்றார். அடுப்பைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் டியூப் விரிசல் விட்டிருந்தது. இதுவும் சரியாகவே இருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் சரியாக இருக்கிறது. வீட்டில் செய்யாத வேலை அத்தனை.

மிட்டாயை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், காலண்டர் தாள்களின் மேல்.

அந்தத் தாள்களைப் பற்றி எழுதவில்லை. கல்யாணம் ஆனதும் வேலைப் பங்கீடு. எனக்கு வந்தவை குப்பை, தண்ணீர் கேன், காலண்டர். மற்றதெல்லாம் அவள். காலையில் எழுந்ததும், கண்ணாடி போடுவதற்கு முன்பே, காபிக்கு முன்பே, நேற்றைய தாளைக் கிழித்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அடுப்பைப் பார்த்து நின்றபடியே கையைப் பின்னால் நீட்டுவாள். நாலு வருஷம். வாங்கிய தாள் எங்கே போனது என்று நான் கேட்டதே இல்லை.

இப்போதும் கிழிக்கிறேன். ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிறேன். கனமாகிவிட்டது.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி ஒன்று. வெயில்.

அண்ணன் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். நான் சொன்ன தேதி கரிநாளாம். போர் லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "வுடு சார், பூமிக்கு கீழ இருக்கறதுக்கு கரிநாளு இன்னா தெரியும்."

ஆபீஸில் சாஃப்ட்வேரின் புது பில்டு ஒன்றில் எது உடையும் என்று தெரியாதபோது நாங்கள் செய்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் டெஸ்ட் பண்ணுவது. அதன்படி இருபதாம் தேதி:

7.00 டேங்க் (அண்ணன், ஆள் சொல்லியாச்சு)
10.00 தாம்பரம், அத்தை கண்
10.45 அதே தெரு, என் பல்
12.30 கேஸ் டியூப்

எல்லாவற்றையும் செய்துவிட்டால், அவள் நினைத்தது எதுவோ அதுவும் அதற்குள் இருந்தே ஆக வேண்டும்.

அத்தையிடம் சொன்னேன். என் கண்ணை நாலில் ஒண்ணாப் போட்டுட்டீங்களா மாப்ள என்று வருத்தம். முதல் இடம் டேங்குக்கு என்றதும் இன்னும் வருத்தம்.

ஆகஸ்ட் 19, புதன்

மாலையில் நல்ல மழை. டேங்க் கழுவுவதற்காகக் குடம், பக்கெட், குக்கர், இட்லிப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். நடக்க இடம் இல்லை. மழையில் மாடி டேங்க் மூடி பறந்து, அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

நாளைக்கு இருபது. பரீட்சைக்கு முந்தைய நாள் மாதிரி. சிலபஸ் தெரியாத பரீட்சை.

ஆகஸ்ட் 20, வியாழன்

கண்ணாடி போடாமல்தான் எழுந்தேன். பழக்கம். பத்தொன்பதைக் கிழித்தேன். அடியில் வட்டம், மங்கலாக. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அதே வட்டம்.

7.00: டேங்க். பாசி மட்டும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பந்து, என் சாக்ஸ் ஒன்று. சாக்ஸ் எப்படி அங்கே போனது என்று அண்ணன் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நாலு வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் குளித்திருக்கிறோம்.

10.00: தாம்பரம். அத்தைக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். நான் நாலு கடை தள்ளிப் பல் டாக்டர். ஊசி போட்டார். உதட்டைத் தட்டிப் பார்த்து, "மரத்துப் போச்சா?" என்றார். தலையை ஆட்டினேன். ஜூனிலிருந்தே என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை.

12.15: ஆட்டோ. ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்கு வாய் வராது. டிரைவரிடம் நான் வழி சொன்னால் அவருக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது, ஆனால் எந்தத் தெரு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரும்புலியூரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம்.

அத்தைக்குக் கண்புரையாம். இரண்டு கண்ணிலும். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். ஆக, இதுதான் அது என்று நினைத்தேன். முடிந்தது. அப்பாடா என்று கூட இருந்தது.

12.40: கேஸ் டியூப் ஆள். மாற்றினார். போனார்.

அத்தை சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். பெருங்காயம் இல்லை. சீரகம் இல்லை. மிளகாய்த் தூளில் வண்டு, அது கண் தெரியாமலேயே தெரிந்ததாம். ஒரு பேப்பரில் எழுதுங்க மாப்ள, நீங்க மறந்துடுவீங்க என்றார். பேப்பர் தேடினேன்.

"அந்த மளிகை அலமாரிக் கதவுக்குப் பின்னாடி பாருங்க. கிளிப்புல மாட்டி வெச்சிருப்பா. பழைய காலண்டர் தாள்ல பின்பக்கம்தான் லிஸ்ட் எழுதுவா."

நாலு வருஷத்தில் அந்தக் கதவின் பின்பக்கத்தை நான் பார்த்ததில்லை, வீடு முழுக்கத் தேடிய அன்று கூட.

ஒரு ஆணி. பெரிய இரும்பு கிளிப். தடிமனாகத் தாள்கள். து.பருப்பு 1, ரவை அரை, சோப்பு. மேலிருந்து புரட்டினேன். அடியில் சிலவற்றைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். எட்டுத் தாள். எட்டிலும் முன்பக்கம் சிவப்பு வட்டம், இம்ப்.

பின்பக்கம் மளிகை இல்லை. அப்படியே இங்கே எழுதுகிறேன். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் பிப்ரவரியில் ஆரம்பிக்கிறது.

"பார்க்கவில்லை. 0/1."
"கையில் கொடுத்துவிட்டு 'காபி' என்கிறான். 0/2."
"கவனம் தேவை. 0/3."
"இரட்டை வட்டம் போட்டும். 0/4."
"ஜுரம். ஆப்சென்ட். கணக்கில் சேர்க்க வேண்டாம்."
"0/5. பெற்றோரை அழைத்து வரவும்."
"காலண்டர் முன்னால் நின்றான். ராகு காலம் பார்த்தான். வட்டத்தைப் பார்க்கவில்லை. 0/6."
கடைசித் தாள் இந்த வருஷம், மார்ச். "0/7. இந்த வருஷம் இன்னும் ஒரே ஒரு சான்ஸ்."

அவ்வளவுதான்.

டேங்க் இல்லை. டியூப் இல்லை. பல் இல்லை, கண் இல்லை. அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவுமே இல்லை. நான் பார்க்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். ஒரு நாள் முழுக்கச் சுவரில் தொங்கும். நான் அதன் முன்னால் நின்று சட்டை மாட்டிக்கொண்டு போவேன். மறுநாள் காலையில் நானே கிழித்து அவள் கையில் கொடுப்பேன். அவள் மார்க் போடுவாள்.

ஆபீஸில் நாங்களும் இதைச் செய்வோம். வேண்டுமென்றே ஒரு பிழையை உள்ளே வைத்து, டெஸ்டர் பிடிக்கிறானா என்று பார்ப்பது. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"என்ன மாப்ள, எழுதுறீங்களா? பெருங்காயம் கட்டியா வாங்குங்க."

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். உதடு ஒட்டாததால் இம்ப் என்று சொல்லவே வரவில்லை. இ மட்டும்தான் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த டப்பாவை மூடி வைத்தார்.

"ஏழுல ஒண்ணு கூடவா இல்ல மாப்ள?"

அப்புறம் சிரித்தார். சத்தமாக. நாற்காலி ஆடியது. பெற்றோரை அழைத்து வரவும் என்பதை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சிரிப்பு நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மருந்துத் தண்ணி. எறங்கிட்டே இருக்கு."

நான் சீரகம் எழுதினேன்.

நாலு மணிக்கு அண்ணன் கீழிருந்து குரல் கொடுத்தார், குழாயைத் திறந்து பாரு சார், கண்ணாடி மாதிரி வருது என்று. மேலே வந்து, இன்னா சார், அந்த இம்பார்ட்டன்ட்டு முடிஞ்சிச்சா என்றார். முடிந்தது அண்ணா என்றேன். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டேங்க் இல்லை என்று நான் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

மழை இல்லை. மரப்பு போய்ப் பல் வலி. அத்தை இன்னும் தூங்குகிறார். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் தேதி தருவார்களாம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இருபதைக் கிழித்தேன். சிவப்புப் பேனா அவள் ஹேண்ட்பேகில் இருந்தது. மூடியில் பல் தடம். பின்பக்கம் எழுதினேன்:

"பார்த்தான். 1/8."

யோசித்தேன். பத்து நாள் முன்னாலேயே பார்த்தது. அதுவும் அண்ணன் போர் போட நாள் கேட்டதால். வினாத்தாள் லீக் ஆன மாதிரிதான். இதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். ஒன்றை அடித்துவிட்டு அரை என்று போட்டேன்.

ரப்பர் பேண்டில் ஒன்பதாவதாக வைத்தேன். ஃப்ரிட்ஜ் மேல் இருந்தவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் பார்த்து, கிளிப்பில் மாட்டினேன். ஆணி கொஞ்சம் வளைந்தது. மிட்டாயை அத்தைக்கு வைத்திருக்கிறேன்.

சுவரில் இப்போது இருபத்தொன்று. வட்டம் எதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.